43 விகலைக் கணக்கு

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் பக்கத்துவீட்டுப் பிள்ளை கேட்டாள்: "நியூற்றனை ஐன்ஸ்ரைன் திருத்தினார் என்கிறார்கள். நாளைக்கு அவரையும் ஒருவர் திருத்துவாரா? விஞ்ஞானத்தில் முடிந்த முடிவே இல்லையா, அங்கிள்?"

திருத்துவார் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு திருத்துவார் என்பதுதான் கேள்வி.

யுரேனஸ் கோள் நியூற்றனின் ஈர்ப்பு விதிக் கணக்குப்படி நடக்கவில்லை. கண்ணில் படாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரான்ஸின் வானியலாளர் லெவெரியே இடத்தையும் கணித்துக் கொடுத்தார். 1846இல் பெர்லினில் தேடிய முதல் இரவே நெப்டியூன் அகப்பட்டது.

1859இல் அதே மனிதர் புதனைப் பிடித்தார். புதன் சூரியனை மிக நெருங்கும் புள்ளி, சுற்றுக்குச் சுற்று சற்றே நகரும். மற்றக் கோள்களின் இழுவையைக் கழித்த பின்னும் ஒரு மிச்சம் நின்றது. அமெரிக்க வானியலாளர் நியூகோம்ப் பிறகு திருத்திய கணக்கில் நூறு ஆண்டுக்கு 43 விகலை. விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. காலிமுகத்திடலில் 100 மீற்றருக்கு அப்பால் ஒருவர் பிடித்து நிற்கும் இரண்டு சென்ரிமீற்றர் நாணயத்தின் அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். புதன் நானூறு தடவைக்கு மேல் சூரியனைச் சுற்றிச் சேர்த்த பிசகு!

லெவெரியே பழைய மருந்தையே கொடுத்தார்: புதனுக்கும் உள்ளே இன்னொரு கோள். 'வல்கன்' என்று பெயரும் வைத்தாயிற்று. அதைக் கண்டதாகச் சொன்ன ஒரு மருத்துவருக்குப் பிரான்ஸின் உயர் விருதும் கிடைத்தது. கோள்தான் கிடைக்கவில்லை.

1915 நவம்பரில் ஐன்ஸ்ரைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் புதனைப் போட்டுப் பார்த்தார். சூரியனருகே வெளி வளைவதால், நீள்வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்வதில்லை, கொஞ்சம் திரும்பிவிடுகிறது. எவ்வளவு? அதே 43 விகலை, எந்த எண்ணையும் இழுத்துப் பொருத்தாமல்! எப்போது வாசித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அதற்காக நியூற்றனை எறிந்துவிடவில்லை. மெல்லிய ஈர்ப்புக்கும் குறைந்த வேகத்துக்கும் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டைச் சுருக்கினால் நியூற்றன்தான் வெளிவருவார். அப்படியே, ஐன்ஸ்ரைனைத் திருத்த வருகிறவரும் அந்த 43ஐக் கொடுத்தே ஆகவேண்டும். (எங்கள் வீட்டில் சித்திரைப் புத்தாண்டுக்கு வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று வருடாவருடம் சண்டை. வானத்தைக் கேட்பார்தான் இல்லை.)

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரே மனிதர், ஒரே உத்தி. ஒருமுறை கோள் இருந்தது, மறுமுறை விதியில் பிசகு. எது எதுவென்று முன்கூட்டி அவருக்குத் தெரிய வழியில்லை. இன்றும் விண்மீன் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும் பொருளின் கணக்கை மீறி வேகமாகச் சுழல்கின்றன. தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்கிறார்கள் பெரும்பாலானோர்; ஈர்ப்பு விதியையே மாற்றவேண்டும் என்கிறார்கள் சிலர். நெப்டியூனா, வல்கனா?

பிள்ளையிடம் ஒரு கொத்துரொட்டி பந்தயம் கட்டியிருக்கிறேன். நான் நெப்டியூன் பக்கம்.