பைக்குக்கு அலாரம் மாட்டலாமா?

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பைக் திருடுபோனது. சைடு லாக் போட்டு, வீட்டு வாசலிலேயே நிறுத்தியிருந்த வண்டி. விடிந்து பார்த்தால் இடம் காலி. அந்த வாரமே தெருவில் நான்கு பேர் அலாரம் மாட்டிவிட்டார்கள். "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், நல்லதா பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்டான். எதை வாங்குவது என்பதற்கு முன், அந்தப் பெட்டி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வண்டியோடு வரும் பூட்டிலிருந்து தொடங்குவோம். சைடு லாக் என்பது ஒரு சின்ன உலோக முளை. சாவியைத் திருப்பினால் அது நீண்டு எதிரே உள்ள குழியில் போய் உட்காரும். முளை இருப்பது ஹேண்டில் திரும்பும் அச்சுக்கு மிக அருகில், சில சென்டிமீட்டர் தொலைவில்தான். ஹேண்டில்பாரின் நுனியோ அச்சிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, நுனியில் கொடுக்கும் விசை முளையில் பல மடங்காகப் போய் விழும். அதனால்தான் வலுவான ஆள் ஒருவர் முரட்டுத்தனமாகத் திருப்பினால் அது தாங்குவதில்லை.

அடுத்தது சாவி. பல பழைய கிக்கர் வண்டிகளில் என்ஜின் ஓட பேட்டரியே வேண்டாம். மேக்னெட் சுழலும்போது உண்டாகும் மின்சாரமே ஸ்பார்க் பிளக்குக்குப் போதும். அப்படியானால் சாவியை 'ஆஃப்' செய்யும்போது என்ன நடக்கிறது? அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வண்டியின் உடம்புக்கு, அதாவது எர்த்துக்குத் திருப்பி விடப்படுகிறது. சாவித்துவாரம் வெறும் ஒரு ஸ்விட்ச்தான். 2020 ஏப்ரல் 1-இல் புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்-6 விதி வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கு ஒரு பம்ப்பும் அதை நடத்த ஒரு குட்டிக் கணினியும் இருக்கின்றன. இரண்டுக்கும் பேட்டரி மின்சாரம் வேண்டும். சில வண்டிகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. 2023-இல் வந்த ஹோண்டா ஆக்டிவா எச்-ஸ்மார்ட் மாதிரியில், பாக்கெட்டில் இருக்கும் சாவி ரேடியோ அலையில் தன் அடையாளத்தைச் சொன்னால்தான் என்ஜின் கிளம்பும். இந்த வசதி வண்டியிலேயே இருந்தால், சரியான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்ப விடாத 'இம்மொபிலைசர்' ஒன்றை வெளியே வாங்கி மாட்ட வேண்டியதில்லை.

சரி, அலாரத்துக்கு வருவோம். அதன் உயிர் அதிர்வு உணரியில் இருக்கிறது. மலிவான வகையில், ஒரு கம்பியைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். ஆட்டினால் ஸ்பிரிங் கம்பியைத் தொடும், மின்சுற்று மூடும், சைரன் அலறும். நல்ல வகையில் இருப்பது நம் செல்போனில் திரையைத் திருப்பும் அதே முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய எடை ஒன்று நுண்ணிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. வண்டி அசைந்தால் எடை நகரும், பக்கத்துத் தகடுகளுடன் உள்ள இடைவெளி மாறும், அந்த மாற்றம் மின் அளவாகப் பதிவாகும். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் இதற்குத் தெரியும். அதனால் சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியை யாராவது மெதுவாக நிமிர்த்தினால்கூடக் கண்டுபிடித்துவிடும். ஸ்பிரிங் வகைக்கு இது வராது.

சிக்கல் எந்த அளவு அதிர்வுக்குக் கத்த வேண்டும் என்பதில். கூர்மையாக வைத்தால் தண்ணி லாரி போனாலும் பூனை ஏறினாலும் இடி இடித்தாலும் கத்தும். மந்தமாக வைத்தால் திருடன் நிதானமாக வேலை பார்ப்பான். எங்கள் தெருவில் அந்த நான்கு அலாரங்களும் முதல் வாரம் அலறியபோது எல்லோரும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தோம். மூன்றாவது வாரம் யாரும் எழுந்திருக்கவில்லை. புலி வருது கதைதான். யாரும் எட்டிப் பார்க்காத தெருவில் சைரனால் பயன் மிகக் குறைவு.

இன்னொரு விலையும் இருக்கிறது, அதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். அலாரம் இரவும் பகலும் விழித்திருக்கிறது. விழித்திருக்க மின்சாரம் வேண்டும். 100 சிசி வண்டிகள் சிலவற்றில் பேட்டரி 3 ஆம்பியர்-மணி அளவுதான். அலாரம் 15 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர்-மணி. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் பேட்டரியில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். செல்ஃப் எடுக்காது; பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் கிக்கரை உதைத்தும் பலன் இல்லாமல் போகலாம். வாங்கும்போது சும்மா இருக்கையில் எவ்வளவு இழுக்கும் என்று கேளுங்கள். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் என்றால் கவலையில்லை. மாட்டுபவர் வண்டியின் ஒயரை வெட்டி ஒட்டுப்போட வேண்டியிருந்தால் நான் வேண்டாம் என்பேன். மோசமான ஒட்டு, ஓடும்போதே என்ஜினை அணைத்துவிடும், வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

ஜிபிஎஸ் டிராக்கர் வேறு ரகம். செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரல் கேட்டால், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து டிராக்கர் தன் இடத்தைத் தானே கணக்கிடும். அந்த இடத்தை நமக்குச் சொல்வது உள்ளே இருக்கும் சிம் கார்டு. சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் டிராக்கர் ஊமை. தரைக்கடியில் இருக்கும் பார்க்கிங்கிலும், மூடிய கன்டெய்னர் லாரிக்குள்ளும் செயற்கைக்கோள் சிக்னல் வராது. திருட்டை இது தடுப்பதும் இல்லை. வண்டி போனபின் முதல் ஒரு மணி நேரத்தில் காவல்துறையிடம் காட்ட ஒரு புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளி பெரிய விஷயம். அதைப் பார்த்துக்கொண்டு நாமே தனியாகக் கிளம்பிவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், முதல் செலவு இரும்புக்குத்தான். சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக், அப்புறம் தூணோடு சேர்த்துப் போடும் தடித்த சங்கிலி. இரண்டு பேர் வண்டியை அப்படியே தூக்கி மினி லாரியில் ஏற்றினால் எந்த இம்மொபிலைசரும் உதவாது, சங்கிலி உதவும். டிஸ்க் லாக்கை மறந்து வண்டியை நகர்த்தினால் விழுந்துவிடுவோம் என்பதால், அதிலிருந்து ஹேண்டில் வரை ஒரு நினைவூட்டுக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பியின் வண்டி 350 சிசி, மூன்று வருடம் ஆகிறது, இரவெல்லாம் தெருவில்தான் நிற்கும். அவனுக்கு டிராக்கர் பொருந்தும் என்றேன். ஆனால் முதலில் இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டச் சொன்னேன். புது வண்டிக்கு ஐந்து வருடம் கட்டாயமாக எடுப்பது மூன்றாம் நபர் காப்பீடு. அதில் திருட்டுக்குப் பைசா வராது. திருட்டுக்குப் பணம் வர 'சொந்த சேதம்' என்ற பகுதி உயிரோடு இருக்க வேண்டும். அப்போதும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள்: மூன்று முதல் நான்கு வயது வண்டிக்கு 40 சதவீதம் கழியும். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள்.

அவன் போனில் தேடி எடுத்துப் பார்த்தான். சொந்த சேதப் பகுதி முதல் வருடத்தோடு முடிந்திருந்தது. டிராக்கரை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம், இதை இந்த வாரமே போட்டுவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.