செத்த மீன் ஏன் விறைக்கிறது?

குளச்சலிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்க அம்மாவுக்கு மீன் யாவாரம். அயிலையைத் தலையில பிடிச்சுத் தூக்கிப் பாப்பாங்க. வால் தொங்காம கம்பு மாதிரி நேரா நின்னா நல்ல மீனுன்னு எடுப்பாங்க. செத்த மீனுக்கு எங்கேருந்து சார் அவ்வளவு பலம்?"

பலம் தீர்ந்துபோனதால் வருகிற விறைப்பு அது. விளக்க வேண்டுமென்றால் தசைக்குள் போக வேண்டும்.

அமைப்பைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், வேகமாகக் கடந்துவிடலாம். எலும்போடு இணைந்த தசையைப் பிரித்தால் கற்றைகள், கற்றைக்குள் தசை இழைகள். ஒவ்வோர் இழையும் நீளமான ஒரே செல். அதற்குள் நுண்ணிழைகள், நுண்ணிழை நெடுக சார்கோமியர் என்ற அறைகள். ஓர் அறையின் நீளம் 2 மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சென்டிமீட்டரில் 4,000-க்கு மேல் அடங்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறுகினாலே, அந்த ஒரு சென்டிமீட்டரில் 2 மில்லிமீட்டர் குறைந்துவிடும்.

அறையின் நடுவில் மையோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழைகள். இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி நீளும், ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் மெல்லிய இழைகள். தசை சுருங்கும்போது இவற்றில் எதுவும் சுருங்குவதில்லை. ஒன்றின் இடையே மற்றொன்று வழுக்கிக்கொண்டு போகிறது. 1954-ல் இதை இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர்கள் இல்லை.

சரி, வழுக்குவது எப்படி? எனக்கு அலுக்காத இடம் இதுதான். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மையோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். தலை ஆக்டினைப் பிடிக்கும், மடங்கி இழுக்கும், விடும், நிமிர்ந்து சற்றுத் தள்ளி மறுபடி பிடிக்கும். ஓர் இழுப்புக்குக் கிடைப்பது 10 நானோமீட்டர் அளவுதான். கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதி விளங்கிவிடும். கரையில் நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கைமாற்றினால் மடி கடலுக்கே திரும்பிப் போகும். ஒருவர் கை விடும்போது இன்னொருவர் பிடித்திருப்பார். மையோசின் தலைகளும் அப்படித்தான், முறை வைத்தாற்போல.

தொடங்கச் சொல்வது கால்சியம். நரம்பிலிருந்து செய்தி வந்ததும் செல்லுக்குள் இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் வெளியே பாய்கிறது. அது ஆக்டின் இழைமேல் இருக்கும் ட்ரோப்போனின் என்ற புரதத்தில் போய் ஒட்ட, ஆக்டினை மூடியிருந்த ட்ரோப்போமையோசின் என்ற புரதம் விலகுகிறது. பிடிக்க இடம் கிடைத்துவிட்டது.

இதில், செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபி எங்கே வருகிறது? இழுக்கத்தானே சக்தி வேண்டும், அங்கேதான் செலவாகும் என்று நினைப்போம். ஆனால் இழுத்து முடித்த தலை, ஆக்டினைப் பிடித்தபடியே நின்றுவிடும். புதிதாக ஓர் ஏடிபி வந்து அதில் அமர்ந்தால்தான் பிடி தளரும். விட்ட பிறகு அந்த ஏடிபியை உடைத்து, கிடைக்கும் சக்தியில் தலை அடுத்த இழுப்புக்கு நிமிர்ந்துகொள்கிறது. வெளியே வந்த கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றவும் ஏடிபிதான். ஆக, கையைத் தளர்த்திச் சும்மா தொங்கவிடுவதற்கும் உடம்பு காசு கொடுத்தாக வேண்டும்.

இனி அயிலைக்கு வருவோம். செத்த மீனுக்கு ஆக்சிஜன் இல்லை. தசையின் சேமிப்பில் இருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை வைத்துக் கொஞ்ச நேரம் ஏடிபி தயாராகும். அதனால்தான் வலையிலிருந்து அப்போதே எடுத்த மீன் துவண்டு கிடக்கிறது. சேமிப்பு தீர்ந்ததும் கால்சியம் கசிகிறது, தலைகள் பிடிக்கின்றன, விடுவிக்க ஏடிபி இல்லை. உடம்பு முழுக்கப் பூட்டு விழுகிறது. வலையில் நெடுநேரம் துடித்துச் செத்த மீன் சீக்கிரம் விறைப்பதும் இதனால்தான். சேமிப்பைத் துடிப்பிலேயே தீர்த்துவிட்டது. பிறகு மறுபடி துவள்கிறதே, அப்போது தலைகள் பிடியை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நொதிகள் சார்கோமியரின் கட்டுமானத்தையே அரிக்கத் தொடங்கிவிட்டன. அம்மாவின் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் துவண்ட மீன் ரொம்பப் புதுசாகவும் இருக்கலாம், ரொம்பப் பழசாகவும் இருக்கலாம். அங்கே கண்ணையும் செவுளையும் பார்க்காமல் முடியாது.

மனிதருக்கும் இதே கதைதான். துஷ்டி வீட்டில் தாடையையும் கால் பெருவிரல்களையும் சீக்கிரமே கட்டிவிடுவதில் அனுபவ அறிவு இருக்கிறது. சில மணி நேரம் போனால் வாயை மூடவைப்பது பெரும்பாடு. ஆனால் விரல் மடங்கி விறைத்திருந்தால் "எதையோ சொல்ல நினைச்சிருக்காரு" என்று பெண்மக்களை அழவைக்கிறார்களே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏடிபி தீர்ந்தபோது விரல் எப்படி இருந்ததோ, அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 1940-களின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் சென்ட்-ஜார்ஜி என்ற விஞ்ஞானி முயல் சதையிலிருந்து மையோசின் எடுத்து, ஏடிபி சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆய்வகத்தில்தான் ஸ்ட்ராப் என்பவர் ஆக்டினைக் கண்டுபிடித்தார். இன்று நம்மிடம் இப்படி ஒரு ஆய்வுக்குப் பணம் கேட்டுப் போனால், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வார்கள். இதயத் தசை தடித்துப்போகும் ஒரு நோய்க்கு, மையோசின் தலைகளையே அடக்கி வைக்கும் மாவாகாம்டென் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022-ல்தான் அனுமதி கிடைத்தது. எண்பது வருடம் கழித்து வரப்போகும் பயனை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அப்புறம் ஒன்று. இதைப் படித்துவிட்டு, ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் ஏடிபி தீர்ந்ததால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் குற்றவாளி நரம்பு. விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும்.