ஆணி குத்தியதா? டிடி ஊசியோடு நிறுத்தாதீர்கள்

ஆணி குத்தி நாலைந்து நாள் கழித்து, பாதம் வீங்கி, தொடையிடுக்கில் நெறி கட்டி, நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அன்றைக்கே டிடி ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி செப்டிக் ஆச்சு?"

டிடி ஊசி செப்டிக்கைத் தடுக்காது. காயத்தால் வரும் நோய்களில் அது தடுப்பது டெட்டனஸ் என்கிற இசிவு நோயை மட்டும். சீழ் பிடிக்க வைப்பவை வேறு கிருமிகள். அவற்றை இந்த ஊசி ஒன்றும் செய்யாது. "துருப்பிடிக்காத புது ஆணிதான் டாக்டர்" என்பதும் ஆறுதல் இல்லை. டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியிலிருந்து வருகிறது. முள் குத்தினாலும் அது உள்ளே போகும்.

குத்துக்காயத்தின் வாய் சின்னது, சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே போன அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். ஷூவைத் துளைத்துக் குத்தியிருந்தால் அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் துணுக்கு பெயர்ந்திருந்தால் அது உங்கள் பாதத்துக்குள் இருக்கலாம். இத்தகைய காயத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி எலும்புவரை போகக்கூடும். வழக்கமாக எழுதும் ஆன்டிபயாடிக் பலவும் அதற்குக் கேட்காது. அதனால் ஷூ போட்டிருந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆணியையும் கொண்டுவாருங்கள், முனை முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் உலோகமும் பெரும்பாலான கண்ணாடியும் தெரியும். முள்ளும் மரச்சிராயும் பெரும்பாலும் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

குத்தியவுடன் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 5 முதல் 10 நிமிடம் கழுவுங்கள். பொடி, எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஊசியால் கிண்டாதீர்கள். சுத்தமான துணியைத் தளர்வாகக் கட்டினால் போதும். ஆழமாகச் செருகி நிற்கும் கம்பியை மட்டும் பிடுங்கவே பிடுங்காதீர்கள். கிழிந்த ரத்தக்குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆடாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அப்படியே வாருங்கள்.

தடுப்பூசித் தவணைகளை முழுசாகப் போட்டவருக்கும், அழுக்கான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தால் இன்னொன்று வேண்டும். போட்டதே நினைவில்லை என்றால் கூடவே இம்யூனோகுளோபுலின் (டெட்டனஸ் நஞ்சை முறிக்கும் எதிர்ப்புப் பொருள்) ஊசியும் தேவைப்படும்.

இரண்டு நாளில் வலி குறைய வேண்டும். விண்விண்ணென்று கூடினால், சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காதீர்கள். முழங்கால் மூட்டருகே குத்தி, காலை மடக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்துப்போன பாதத்தில் ஆணி ஏறியதே தெரியாது. வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தினமும் இரவில் அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.