காசிமேட்டுப் படகும் கடற்பாசியின் பிளீச்சும்

காசிமேட்டில் பழுது பார்க்கக் கரையேற்றிய விசைப்படகின் அடியைப் பார்த்தீர்களானால், கொட்டலசு என்கிற ஓடுள்ள சின்னக் கடலுயிர்கள் சொரசொரவென்று அப்பியிருக்கும். சுரண்டி பெயின்ட் அடித்து இறக்கினாலும் கொஞ்ச மாதத்தில் மறுபடி அதே கதை. ஆனால் ஆயுசு முழுக்கக் கடலிலேயே கிடக்கிற கடற்பாசிகளில் சில வழவழவென்று சுத்தமாக இருக்கின்றன. அவற்றை யார் சுரண்டிவிடுகிறார்கள்?

யாருமில்லை, தனக்கு வேண்டிய பிளீச்சை அதுவே தயாரித்துக்கொள்கிறது. வேலை பார்ப்பது ஹாலோபெராக்சிடேஸ் என்ற நொதி. செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்து, கடல்நீரில் இருக்கும் புரோமைடிடம் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கி, அதை ஹைப்போபுரோமஸ் அமிலமாக்கிவிடும். இப்படி ஒட்டுவது பெரும்பாலும் பாக்டீரியாக்கள் கூட்டமாகப் படிவதில்தான் தொடங்கும்; அவை கூட்டம் சேர்க்க ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி மூலக்கூறுகளையே இந்த அமிலம் சிதைத்துவிடும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு சுமார் 19 கிராம், புரோமைடு 65 மில்லிகிராம்தான். அப்புறம் ஏன் புரோமைடு? குளோரைடு எலக்ட்ரானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புரோமைடு சுலபமாக விட்டுவிடும், அயோடைடு அதைவிடத் தாராளம். ஃபுளோரைடிடம் மட்டும் பெராக்சைடின் பாச்சா பலிக்காது. குளோரைடை அசைக்க முடிந்த நொதிக்குக் குளோரோபெராக்சிடேஸ் என்று பெயர், அது மற்ற இரண்டையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும்.

பாசியின் நொதிக்குள் ஒரு குழி, அதன் அடியில் வனேடியம் அணு, சுற்றிலும் ஆக்சிஜன்கள். புரதத்தோடு அதைக் கட்டியிருப்பது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் ஒரே ஒரு நைட்ரஜன். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, வனேடியம் தானாக எலக்ட்ரானை வாங்குவதும் இல்லை கொடுப்பதும் இல்லை, கடைசிவரை +5 நிலையிலேயே இருந்துகொண்டு, பெராக்சைடைப் பிடித்து குளோரைடு, புரோமைடு போன்ற ஹேலைடு தாக்க வசதியாக நிறுத்தி வைக்கிறது. சுத்தமான தரகர் வேலை!

நம் உடம்பிலும் இந்த வேலை நடக்கிறது, ஆனால் வனேடியத்துக்குப் பதில் ஹீம் இரும்பு, அதாவது ரத்தச் சிவப்பணுவில் இருப்பது மாதிரி ஒரு வளையத்துக்குள் பிடிபட்ட இரும்பு. வெள்ளையணுக்களின் மைலோபெராக்சிடேஸ் குளோரைடை ஹைப்போகுளோரஸ் அமிலமாக்கிக் கிருமியைக் கொல்லும். லாரித் தண்ணீரில் போடும் பிளீச்சிங் பவுடர் கரையும்போதும் அதே அமிலம்தான். காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்தால் லேசாகப் பச்சை தட்டுவது அந்த நொதியின் சொந்த நிறத்தால்.

சரி, படகுக்கு வருவோம். 2012இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் வனேடியம் பென்டாக்சைடு நானோ இழைகளைப் பெயின்டில் கலந்து பார்த்தார்கள். நொதியே இல்லாமல் அந்த இழைகள் புரோமைடை அமிலமாக்கின. தகடுகளில் பூசிப் படகில் கட்டிக் கடலில் விட்டபோது, சாதாரண பெயின்ட் தகட்டில் பாசி படர்ந்திருந்தது, இதில் படரவில்லை.