யூனிசைக்கிளுக்கு டயரை எந்தப் பக்கம் மாட்டுவது?

புது டயரின் பக்கச்சுவரைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் இந்தத் திசையில் சுழலட்டும் என்று அர்த்தம். சில மலைச் சைக்கிள் டயர்களில் இரண்டு அம்புகள்கூட இருக்கும். ஒன்று முன் சக்கரத்துக்கு. எதிர்ப்பக்கம் காட்டும் இன்னொன்று பின் சக்கரத்துக்கு. சைக்கிள்காரர் அதைப் பார்த்து மாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் யூனிசைக்கிள்காரர்தான் திருதிருவென்று விழிக்க வேண்டும். அவருடையது முன் சக்கரமா, பின் சக்கரமா?

டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகளைப் 'பட்டன்' என்போமே, அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சக்கரம் உருளும்போது பட்டனின் ஒரு விளிம்பு முதலில் தரையைத் தொடும், எதிர் விளிம்பு கடைசியில் தொடும். முதல் விளிம்பு, கடை விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். வேடிக்கை என்னவென்றால், பட்டன் தரையில் பதிந்திருக்கும் நேரத்தில் முதல் விளிம்பு பின்பக்கம் பார்த்து நிற்கும். நம்ப முடியாவிட்டால் ஒரு டயரை மெதுவாக உருட்டிப் பாருங்கள். பெடலை மிதிக்கும்போது டயர் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது, ஆகவே மண்ணைக் கடிப்பது முதல் விளிம்பு. வேகத்தைக் குறைக்கும்போது மண்ணை முன்னால் தள்ளுகிறது, அப்போது கடிப்பது கடை விளிம்பு.

பல டயர்களில் முதல் விளிம்பைச் சரிவாகவும் கடை விளிம்பைச் செங்குத்தாகவும் வார்த்திருப்பார்கள். சரிவு இருந்தால் சக்கரம் தடங்கல் இல்லாமல் உருளும். செங்குத்து விளிம்பு பிரேக் பிடிக்கும்போது மண்ணில் ஊன்றும். அதன் முதுகில் இருக்கும் சரிவு, சுவருக்கு முட்டுக் கொடுத்ததுபோல, பட்டன் வளையாமல் தாங்கும். அதே டயரைத் திருப்பி மாட்டினால் வேலைகள் இடம் மாறும். மிதிக்கும்போது நல்ல பிடி, பிரேக்குக்குச் சுமாரான பிடி. பின் சக்கரத்துக்குத் தனி அம்பு போடுவதன் காரணம் இதுதான்.

யூனிசைக்கிளில் பெடல்கள் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியோடு, நேராக இணைந்தவை. பொதுவாகச் சங்கிலியும் இல்லை, மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீலும் இல்லை. முன்னால் அழுத்தினால் ஓட்டம், எதிர்த்து அழுத்தினால் நிறுத்தம். சமதளத்தில் சும்மா போகும்போதே விழாமலிருக்க, கால்கள் கொஞ்சம் தள்ளுவதும் கொஞ்சம் தடுப்பதுமாக இருக்கும். ஒரே நிமிடத்தில் இரண்டு விளிம்புகளும் பல முறை வேலை செய்கின்றன. அம்புக்குறியோ, இரண்டு சக்கரங்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் வண்டியை மனத்தில் வைத்துப் போட்டது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். யூனிசைக்கிளின் வேகத்தைக் குறைக்க உடலைப் பின்னால் சாய்க்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தாலே அது பெரிய சாய்வு. அந்த அளவுக்குத் தரையிலிருந்து தேவைப்படும் உராய்வு, எடையில் சுமார் 0.18 பங்குதான். காய்ந்த தாரில் ரப்பருக்கு 0.7க்கு மேலேயே கிடைக்கும். டயர் வழுக்குவதற்கு வெகு முன்பே ஆள் விழுந்துவிடுவார். நானே ஒருமுறை திருப்பி மாட்டிவிட்டுச் சில வாரங்கள் ஓட்டியிருக்கிறேன். துடைக்கும்போது அம்புக்குறி கண்ணில் பட்டதால்தான் தெரிந்தது.

மழைத் தண்ணீரை ஒதுக்கத்தான் இந்த வடிவம் என்று சிலர் சொல்வார்கள். கார் டயருக்குச் சரி. தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று நாசாவின் ஹோர்னும் டிரெஹரும் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து 1963-இல் வெளியிட்டார்கள். அந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 40 பவுண்டு அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர் வருகிறது. ஒற்றைச் சக்கரத்தில் அந்த வேகம் போகிறவருக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

மண் பாதையில், அதுவும் சரிவில், கதை மாறுகிறது. 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஒரே வேகத்தில் ஏறவே சராசரியாக 0.2 அளவு பிடி வேண்டும். ஆனால் கால் தரும் விசை சீரானதல்ல. பெடலை ஹப்போடு இணைக்கும் கிராங்குகள் செங்குத்தாக நிற்கும்போது விசை ஏறக்குறைய இல்லை, படுக்கையாக வரும்போது உச்சம். உச்சம், சராசரியைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஆக, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு கணம் 0.3க்கு மேல் கேட்கிறது. ஈர மண்ணும் உதிரிச் சரளையும் கைவிடும் எல்லை அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அங்கே பட்டனின் எந்த விளிம்பு மண்ணில் ஊன்றுகிறது என்பது முக்கியமாகிவிடுகிறது.

இறக்கத்திலும் இதே கணக்குதான், விசை மட்டும் எதிர்த்திசையில். ஆனால் விழும் விதம் வேறு. ஏற்றத்தில் வழுக்கினால் பெடல் சட்டென்று இறங்கும், உடல் முன்னால் போகும், பெரும்பாலும் காலூன்றி நின்றுவிடலாம். இறக்கத்தில் வழுக்கினால் சக்கரம் காலுக்கடியிலிருந்து முன்னால் உருவிக்கொண்டு போகும், நாம் பின்னால் விழுவோம். இடுப்பும் மணிக்கட்டும் அடிவாங்குவது இதில்தான். அதனால் பிரேக் இல்லாத வண்டி என்றால் அம்புக்குறிப்படியே, அதாவது முன் சக்கரம்போலவே, மாட்டுவேன். கையால் பிடிக்கும் ரிம் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ இருந்தால் இறக்கத்தில் விசை சீராகப் பரவும், அந்த உச்சங்கள் மழுங்கிவிடும். அப்போது டயரை ஏற்றத்துக்காகத் திருப்பிக்கொள்ளலாம்.

திருப்புவது என்றதும் சக்கரத்தையே சட்டத்தில் இடவலம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. சக்கரம் திரும்பினால் அந்தப் பெடல் வலக்காலுக்கு வந்துவிடும். ஓட்ட ஓட்ட இரண்டு பெடல்களும் தாமாகவே கழன்றுகொண்டே வரும். டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டுவதே வழி.

டயரைத் திருப்ப இன்னொரு காரணமும் உண்டு: வண்டி ஒரு பக்கமாக இழுப்பது. இரண்டு சக்கர வண்டியில் ஹேண்டில்பார் இதைச் சமாளித்துவிடும். யூனிசைக்கிளில் நாள் முழுக்க இடுப்புதான் சமாளிக்க வேண்டும். டயரின் ஒரு பக்கம் சற்று அதிகம் தேய்ந்திருந்தால், அது மெலிதான கூம்புபோல ஒரே பக்கம் உருளப் பார்க்கும். இந்த இழுப்பு, டயரைத் திருப்பினால் மறுபக்கம் மாறும். உள்ளே இருக்கும் நூலடுக்குகளின் சாய்வால் வரும் இழுப்போ, எத்தனை முறை திருப்பினாலும் அதே பக்கம்தான். ஆகவே ஒருமுறை திருப்பிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு தடவையும் ஒரே பக்கம் இழுத்தால் டயரின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டாம். சீட்டு கோணலாக இருக்கிறதா, காற்று குறைந்திருக்கிறதா, சாலையே ஒருபக்கம் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், டயரைக் கழற்றியதே கழற்றினீர்கள், கால் சுற்றுத் தள்ளி மாட்டுங்கள். கிராங்க் ஹப்போடு பிணைந்திருப்பதால், நின்ற இடத்தில் முன்னும் பின்னும் ஆடும்போது, குதிக்கும்போது, சட்டென்று திரும்பும்போது எல்லாம் டயரின் அதே சில இடங்கள்தான் தரையில் அரைபடும். மற்ற இடங்களில் பட்டன் புதிதாக இருக்க, அங்கே மட்டும் மொட்டையாகிவிடும். டயரின் பெயர் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டும் அழகு இதில் கெட்டுப்போகும், போகட்டும்.