கூரைக்குள் ஒரு சூச்சோ முற்றம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில், கண்ணாடிக் கூரையின் கீழ் 'ஆஸ்டர் முற்றம்' என்னும் சீனத் தோட்டம் இருக்கிறது. சீனாவின் சூச்சோ நகரிலுள்ள வாங்ஷி தோட்டத்தின் ஒரு சிறு முற்றத்தை மாதிரியாகக் கொண்ட இதை, சீனாவிலிருந்து வந்த 27 பேர் கொண்ட குழு 1980இல் கட்டியது. 1981இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

நான்கு சுவர்களுக்குள் அடங்கிய இந்தச் சிறிய இடம் ஏன் விரிந்ததாகத் தோன்றுகிறது? தரையும் சுவரும் சேரும் கோட்டினை முழுமையாகக் கண்டால்தான் ஓர் அறையின் எல்லையை நாம் எளிதில் அளவிடுகிறோம். இங்கே பாறைகளும் செடிகளும் அந்தக் கோட்டினை ஆங்காங்கே மறைக்கின்றன. வட்ட வடிவ நிலவு வாயில் முற்றத்தின் ஒரு பகுதியை மட்டும் முதலில் காட்டுகிறது. மறைந்திருக்கும் பொருள் அதோடு முடிந்துவிடாமல் அப்பாலும் தொடர்கிறது என்று கொள்வது மூளையின் இயல்பாதலால், காணாத பகுதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. வெண்சுவரோ, முன்னே நிற்கும் பாறைக்கு ஓவியத் தாளைப் போலப் பின்புலமாகி, தன்னைச் சுவர் என்று உணர்த்தாமல் விலகி நிற்கிறது. இந்தத் தோட்டக் கலையின் மிக நுட்பமான கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து.

அந்தப் பாறைகள் சூச்சோவை அடுத்த தாய்ஹூ ஏரிப் பகுதிக்குப் பெயர்பெற்ற சுண்ணாம்புக் கற்கள். கரியமில வாயு கரைந்த நீர் மென்மையான அமிலமாகிக் கல்லிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. விரிசல்களின் வழியே கரைதல் விரைந்து நடப்பதால், நெடுங்காலத்தில் குழிகளும் ஊடுருவிச் செல்லும் துளைகளும் உண்டாகின்றன. மெலிவு, சுருக்கம், குடைவு, துளை ஆகிய நான்கையும் கொண்டு சீன ரசிகர்கள் கல்லின் தரத்தை மதிப்பிட்டனர். வேதியியல் செய்த வேலையையே அவர்கள் அழகின் அளவுகோலாக்கினர் எனலாம்.

இந்த முற்றத்திலுள்ள மண்டபத்தின் மரச்சட்டகம் ஆணிகளை நம்பி நிற்பதன்று. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்து, மற்றொன்றில் குடைந்த துளைக்குள் இறுக அமர்கிறது. காற்றின் ஈரம் கூடினால் மரம் இழைகளுக்குக் குறுக்கே உப்புகிறது, குறைந்தால் சுருங்குகிறது. ஆணி அடித்த இடத்தில் இந்த அசைவு இழையைப் பிளந்துவிடக்கூடும். கழுந்திணைப்பிலோ மரத்துக்குள் மரமே பொருந்தியிருப்பதால், இரு துண்டுகளும் சிறிதளவு நகர்ந்துகொண்டே ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.