கர்மாவுக்குத் தமிழில் என்ன சொல்?

போன மாதம் ஒரு கோயில் வாசலில் தங்கச்சியின் மகனுடைய புதுச் செருப்பு களவு போய்விட்டது. வீட்டுக்கு வந்தவன் முதல் வேலையாகப் போனை எடுத்து 'கர்மா சும்மா விடாது' என்று போட்டான். அம்மம்மா இருந்திருந்தால் 'அவன்ட வினை அவனோட' என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் அடுப்படிக்குப் போயிருப்பா. இரண்டும் ஒன்றுதானே மாமா என்றான். சொல்லளவில் ஒன்றுதான். ஆனால் அவன் போட்ட கர்மா, கள்ளனைத் துரத்திப் போகிற பொலிஸ்காரன் மாதிரி இருக்கிறது. அம்மம்மாவின் வினை யாரையும் துரத்தாது. கள்ளன் செய்ததுதான் அது, அவனோடேயே கிடக்கும்.

கர்மம் வடசொல். 'செய்' என்று பொருள்படும் 'கிரு' என்ற வேரில் பிறந்தது, ஆகவே செயல் என்பதுதான் முதற்பொருள். வினையும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் படித்த வினைச்சொல்லை நினைத்துப் பாருங்கோ. திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள், மூன்றிலும் வினை என்றால் கையில் எடுத்த காரியம், மறுபிறப்புப் பேச்சே கிடையாது. ஆனால் முதல் அதிகாரத்தில் 'இருள்சேர் இருவினை' என்று வரும்போது அது பிறவிக்குக் காரணமாகிற நல்வினை தீவினை. செய்தது, அதன் பலன் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது, கர்மம் தாங்குகிற மாதிரியே. இவ்வளவு அச்சொட்டாகப் பொருந்தும் சொல் எல்லா வடசொல்லுக்கும் அமையாது.

அப்போ கருமம்? அது கர்மம் தமிழ் நாக்குக்கு இசைந்து வந்த வடிவம், பழைய சொல்தான், ஆனால் எங்கள் இலங்கையில் அது கந்தோருக்குள், அதாவது அலுவலகத்துக்குள், போய்க் குடியேறிவிட்டது. அரசகரும மொழி என்கிறோம், தபால் கந்தோரில் முத்திரை வாங்கக் கருமபீடத்துக்கு (கவுண்டருக்கு) போகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கருமபீடம் என்ற பலகையைப் பார்த்துத் திகைத்துப்போனார், அவருக்குக் கருமம் என்றால் செத்தவீட்டுக் கருமாதி! சைவ சித்தாந்தம் படிக்கிறவர்கள் கன்மம் என்பார்கள். உயிரைக் கட்டி வைக்கிற ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தில் நடுவில் நிற்பது. மூன்று உருவமும் ஒரே சொல்தான்.

சைவம் இந்த வினையை மூன்றாகப் பிரிக்கிறது. தம்பலகாமத்து வயல்காரர் ஒருவரை நினைத்துக்கொண்டால் லேசாக விளங்கும். போன போகங்களில் விளைந்து மூட்டையாக அடுக்கிக் கிடக்கிற நெல் சஞ்சிதம், அதிலிருந்து எடுத்துக் குற்றி இன்று உலையில் போட்டுவிட்ட அரிசி பிராரத்தம், சாப்பிட்ட தெம்பில் போய் இன்று விதைக்கிறது ஆகாமியம். உலையில் போட்டதைத் திரும்ப மூட்டைக்குள் போட ஏலாது, சாப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும். இவற்றுக்குத் தமிழ் தேடி அலையவும் வேண்டாம்: பழவினை அல்லது தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை. தொல்வினை என்ற சொல் எங்கள் திருகோணமலைச் சுவாமி மலையிலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தின் கடைசிப் பாட்டு, இதை ஓதுகிறவரும் கேட்கிறவரும் 'தொல்வினை அடையார்' என்றுதான் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மலையேறி அதைப் பாடிவிட்டு, இறங்கி வந்து 'சஞ்சித கர்மா' பற்றி ஆளுக்காள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, செய்தவனை வினை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாலடியார் சொல்கிற உவமை அழகானது, பல பசுக்களுக்கு நடுவே விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடி அடைந்துவிடும், பழவினையும் அப்படியே. அது சமண நூல், அங்கே கன்றுக்கு வழிகாட்ட ஆள் தேவையில்லை. சைவ சித்தாந்தி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். வினை அறிவில்லாத சடம், அதற்கு யாரையும் தெரியாது, செய்தவனிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் இறைவன் என்பார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரத்தில் உயிர்கள் இருவினையால் பிறந்து இறந்து வருவதை 'போக்குவரவு' என்கிறது (பஸ் நிலையத்துப் போக்குவரத்துக்கு நெருங்கிய சொந்தம்), அதை நடத்துவது அவன் ஆணை. மருமகனின் கர்மா தானே எழும்பிப் போய்ப் பழிவாங்குகிறது. கேட்டால் சித்தாந்தியும் சிரிப்பார், சமணரும் சிரிப்பார்.

இன்னொன்று, நல்வினையும் கட்டுத்தான். இரும்பு விலங்குக்குப் பதில் பொன் விலங்கு. நல்லது செய்தால் நல்ல பிறவி கிடைக்கும், ஆனால் பிறவி பிறவிதானே. அதனால்தான் இன்பம் வந்தாலென்ன துன்பம் வந்தாலென்ன என்று இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற இருவினையொப்பை முத்திக்கு முந்திய படியாக வைத்தார்கள்.

விதி, தலையெழுத்து எல்லாம் வேறு. விதி என்றால் யாரோ விதித்தது, எழுத்து என்றால் யாரோ எழுதியது, பொறுப்பு மெல்லக் கை மாறிவிடுகிறது. ஊழ் அப்படியில்லை. 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்' என்ற குறளில் ஊழ்த்தல் என்றால் பூ மலர்வது. ஊழ்வினையையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன், முன்பு செய்தது இப்போது மலர்ந்து பலனாக நிற்கிறது.

செய்வினையை விட்டுவிட்டேன். இலக்கணத்தில் 'அவன் களவெடுத்தான்' செய்வினை, 'களவெடுக்கப்பட்டது' செயப்பாட்டுவினை. 'செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்' என்று சம்பந்தர் பாடியபோது அது முன்பு செய்த வினை. இன்று யாருக்காவது செய்வினை என்றால் வீட்டில் தேசிக்காய் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். செருப்புக் கள்ளனுக்கு இதில் எது வேண்டும் என்று மருமகனிடம் கேட்டேன். முதலில் செருப்பு வேண்டும் என்றான்.